தூணைப் பார்த்து எதன் படம் என்று கேட்பதுண்டா? அருவ ஓவியத்துக்கு ஓர் எளிய அறிமுகம்

ஜோகன்னஸ்பர்க்கின் பார்க் ஸ்டேஷனுக்குக் கிழக்கே, மினிபஸ் டாக்சிகளின் ஓயாத ஹாரன் ஒலிக்கு நடுவில், ஜூபர்ட் பூங்காவின் தெற்கு ஓரத்தில் தூண்கள் தாங்கும் முகமண்டபத்தோடு ஒரு கல் கட்டடம் நிற்கிறது. அதுதான் ஜோகன்னஸ்பர்க் கலைக்கூடம். புது டெல்லியின் குடியரசுத் தலைவர் மாளிகையை வடிவமைத்த எட்வின் லட்யன்ஸ்தான், டெல்லிப் பணி தம்மிடம் வருவதற்கு முன்பே, இதற்கும் வரைபடம் போட்டவர். கட்டடம் 1915 இல் திறக்கப்பட்டது. தங்கச் சுரங்க முதலாளிகளின் பணமே இதன் அடித்தளம். அவர்களுள் ஒருவரின் மனைவியான புளோரன்ஸ் பிலிப்ஸ் தம்முடைய வைர மோதிரத்தை விற்று முதல் ஓவியங்களை வாங்கினார் என்று இன்றும் சொல்வார்கள். முகப்பு பூங்காவைப் பார்க்காமல் ரயில் பாதையைப் பார்த்து நிற்பதைக் கண்டு, முதல்முறை வருபவர்கள் பின்வாசலுக்கு வந்துவிட்டோமோ என்று ஐயுறுவதுண்டு.

1994 இல், எல்லா இனத்தவரும் வாக்களித்த நாட்டின் முதல் பொதுத் தேர்தல் நடந்த அதே ஆண்டில், இந்தக் கட்டடத்தில் எர்னஸ்ட் மங்கோபா என்ற ஓவியரின் படைப்புகளும், அவருடைய மனைவியும் டென்மார்க்குச் சிற்பியுமான சோன்யா ஃபெர்லோவின் படைப்புகளும் ஒன்றாகக் காட்சிக்கு வைக்கப்பட்டன. அதே நகரின் ஃபோர்ட்ஸ்பர்க் பகுதியில் கடைகளுக்குப் பெயர்ப் பலகை எழுதிப் பிழைத்த என் மாமாவோடு நான் அதைப் பார்க்கப் போனேன். கூடத்தில் இருந்தவர்களில் பெரும்பாலோர் ஒவ்வொரு ஓவியத்தின் முன்னும் நின்று இது என்ன என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள்; நானும் கேட்டேன். மாமா மட்டும் கேட்கவில்லை. அவர் மூக்கு கித்தானில் இடித்துவிடும் அளவுக்கு அருகில் போய், அடிப்பூச்சு எந்த நிறம், மேல்பூச்சு காய்ந்த பிறகு பூசப்பட்டதா, ஈரத்தின் மேலேயே பூசப்பட்டதா என்று பார்த்தார். காவலர் இரண்டு முறை அவரைப் பின்னால் நகரச் சொன்னார். என் கேள்விக்கு அன்று விடை கிடைக்கவில்லை. மாமாவுக்கோ கேள்வியே எழவில்லை. இந்த வேறுபாடு ஏன் என்று பின்னாளில் யோசித்ததிலிருந்துதான் அருவ ஓவியம் எனக்குப் புரியத் தொடங்கியது. ஆகவே அந்த வழியிலேயே இதை விளக்க முயல்கிறேன்.

சொல்லிலிருந்து தொடங்குவோம்

அருவ ஓவியம் என்றும் அரூப ஓவியம் என்றும் தமிழில் வழங்கப்படுவது, கண்ணால் கண்ட ஒரு பொருளின் தோற்றத்தை அப்படியே திருப்பித் தருவதைத் தன் வேலையாகக் கொள்ளாத ஓவியத்தை. கோடு, நிறம், வடிவம், இடைவெளி, பரப்பின் சொரசொரப்பு ஆகியவற்றைக் கொண்டே அது பார்ப்பவரிடம் பேசுகிறது. இதை நவீன ஓவியம் என்ற சொல்லோடு பலர் குழப்பிக்கொள்கிறார்கள். நவீன ஓவியம் என்பது ஒரு காலத்தையும் மனப்பாங்கையும் குறிப்பது. அதில் மனிதரும் வீடும் மரமும் தெளிவாகத் தெரியலாம். இதே கலைக்கூடம் 1940 இல் வாங்கிய, ஜெரார்ட் செகோட்டோ வரைந்த சோஃபியாடவுன் தெருவின் மஞ்சள் வீடுகள் நவீன ஓவியமே. ஒரு கறுப்பின ஓவியரிடமிருந்து இக்கலைக்கூடம் பெற்ற முதல் படைப்பும் அதுவே. ஆனால் அது அருவ ஓவியம் அன்று. அதில் வீடுகள் வீடுகளாகவே இருக்கின்றன.

சைவ சித்தாந்தம் படித்தவர்களுக்கு அருவம், உருவம், அருவுருவம் என்ற மூன்று சொற்களும் பழக்கமானவை. இறைவனை வடிவமற்ற நிலையில் எண்ணுவது அருவம். கண், கை, கால் கொண்ட திருமேனியாக வணங்குவது உருவம். வடிவம் இருந்தும் முகமும் உறுப்புகளும் இல்லாத இலிங்கம் அருவுருவம். இது கலைக் கோட்பாடு அன்று, சமயக் கோட்பாடு. அதை இழுத்து வந்து ஓவியத்துக்கு முட்டுக்கொடுப்பது முறையில்லை என்று யாராவது கடிந்துகொண்டால் ஏற்றுக்கொள்வேன். ஆயினும், உருவத்துக்கும் அருவத்துக்கும் நடுவே ஒரு படி உண்டு என்பதும், அந்தப் படிக்கு நம் மொழியில் தனியே ஒரு பெயர் இருக்கிறது என்பதும் மங்கோபாவின் ஓவியங்கள் முன் நிற்கும்போது மிகவும் உதவுகின்றன. அதைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

குறியீட்டையும் இங்கேயே பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும். ஜோகன்னஸ்பர்க்கின் மெல்ரோஸ் முருகன் கோயிலில் தைப்பூசக் காவடி நாளில் வேலாயுதத்தைப் பார்த்தவுடன் முருகன் என்று தெரிந்துகொள்கிறோம்; வேலில் முருகனின் முகம் இல்லை. என்றாலும் அது அருவக் கலை ஆகிவிடாது. இது இதைக் குறிக்கும் என்று ஒரு சமூகம் முன்கூட்டியே ஒத்துக்கொண்ட அடையாளம் அது. அருவ ஓவியத்தில் அத்தகைய உடன்பாடு எதுவும் இல்லை. சிவப்பு என்றால் கோபம், நீலம் என்றால் அமைதி என்று அகராதி வைத்துக்கொண்டு படிக்கப் புறப்படுபவர்கள் விரைவில் சலித்துப்போவார்கள்.

நமக்கு ஏற்கெனவே தெரிந்தவை

அந்தக் கலைக்கூடத்துக்குள் நுழைபவர் முதலில் கடப்பது தூண்களை. அவற்றைப் பார்த்து இது எதன் உருவம், எந்த மரத்தின் சாயல், யாருடைய கால் என்று எவரும் கேட்பதில்லை. தூண் உயரமாக இருக்கிறது, பருத்திருக்கிறது, தூணுக்கும் தூணுக்கும் உள்ள இடைவெளி கண்ணுக்கு இதமாக இருக்கிறது, மொத்தத்தில் கட்டடம் மிடுக்காக இருக்கிறது என்று உணர்ந்துகொண்டு உள்ளே போய்விடுகிறோம். கட்டடக் கலை பெரும்பாலும் எதையும் படம்பிடித்துக் காட்டுவதில்லை; அளவும் விகிதமும் வெளிச்சமும் நிழலுமே அதன் மொழி. அதே மனிதர் நான்கு அடி கடந்து சுவரில் மாட்டிய சட்டகத்தின் முன் நின்றவுடன், இது எதன் படம் என்று கேட்கத் தொடங்குகிறார். சட்டகம் என்பது ஜன்னல் என்றும், ஜன்னல் வழியாக ஏதேனும் ஒரு பொருள் தெரிந்தாக வேண்டும் என்றும் நாம் பழகியிருப்பதே இதற்குக் காரணம்.

பட்டுப் புடவையின் கரையைப் பார்த்து யாரும் பொருள் கேட்பதில்லை. இசைக் கச்சேரியில் பாடகர் தோடி ராகத்தை அரை மணி நேரம் ஆலாபனை செய்யும்போது அதில் சொல் ஒன்றும் இல்லை, கதை இல்லை. இருந்தும் அது எங்கே ஏறுகிறது, எங்கே தயங்குகிறது, எங்கே வந்து அமர்கிறது என்று கேட்டுத் தலையசைக்கிறோம். அருவ ஓவியத்தின் முன்னோடிகளுள் ஒருவரான காண்டின்ஸ்கி தம் ஓவியங்களுக்கு இசையிலிருந்து பெயர்களை எடுத்து, மனோதர்மம், உருப்படி என்று நாம் சொல்லக்கூடிய பொருளில் தலைப்பிட்டது தற்செயல் அன்று. மங்கோபாவின் ஓவியங்கள் பலவற்றுக்கும் தலைப்பு அப்படித்தான் இருக்கும்: அமைவு என்று பொருள்படும் ஒரே சொல், அல்லது தலைப்பே இல்லை. தலைப்பில் துப்பு தேடிப் பயனில்லை.

எல்லாவற்றையும்விட நல்ல எடுத்துக்காட்டு கோலம். இதில் இரண்டு வகைகளை நாம் விளக்கம் இல்லாமலே பிரித்தறிகிறோம். தாமரைக் கோலம், தேர்க் கோலம் போன்றவற்றில் ஒரு பொருள் தொடக்கத்தில் இருந்தது. புள்ளிக் கணக்குக்கு ஏற்ப இதழ்கள் நேராகி, எண்ணிக்கை ஒழுங்காகி, தாமரையின் தாமரைத்தன்மை மட்டும் எஞ்சியது. சிக்குக் கோலத்தில் தொடக்கத்திலேயே பொருள் கிடையாது; புள்ளிகளைச் சுற்றி வளைந்து வளைந்து ஓடும் கம்பி தன்னுடைய விதிக்கு மட்டுமே கட்டுப்பட்டுத் தொடங்கிய இடத்துக்கு வந்து சேர்கிறது. அருவ ஓவியமும் இந்த இரண்டு வழிகளில்தான் பிறக்கிறது: கண்ட ஒன்றிலிருந்து சிறிது சிறிதாகக் களைந்துகொண்டே போவது ஒன்று, எதையும் காணாமல் வடிவத்திலிருந்தே தொடங்குவது மற்றொன்று. (ஜோகன்னஸ்பர்க்கை ஒட்டி இந்தியர்கள் மிகுதியாக வாழும் லெனேஷியாவில் மார்கழிக் கோலம் போடுபவர்களுக்கு ஒரு கூடுதல் சங்கடம் உண்டு. இங்கே மார்கழி என்பது கோடை. பிற்பகல் இடிமழை வந்து காலையில் போட்டதை மாலைக்குள் கழுவிவிடும்.)

களைந்துகொண்டே போவது எப்படி என்பதை அறிய விரும்புபவர்கள் பீட் மொண்ட்ரியான் என்ற டச்சு ஓவியரின் மரங்களை வரிசையாகப் பார்க்க வேண்டும். 1908 அளவில் அவர் வரையத் தொடங்கிய சிவப்பு மரம் ஐயத்துக்கு இடமின்றி மரம். 1911 இன் சாம்பல் நிற மரத்தில் கிளைகள் வளைகோடுகளாகி வானத்தோடு பின்னிக்கொள்கின்றன. 1912 இன் பூத்த ஆப்பிள் மரத்தில், தலைப்பைப் படிக்காதவருக்கு மரம் என்றே தோன்றாது. வளைவுகளின் ஊசலாட்டம் மட்டும் இருக்கும். மூன்றையும் அடுத்தடுத்துப் பார்த்தவர்களுக்கு, எந்த இடத்தில் மரம் மறைந்தது என்று விரல் வைத்துச் சொல்ல முடியாது.

தென்னாப்பிரிக்காவில் இருப்பவர்களுக்கு வீட்டுச் சுவரிலேயே வேறொரு பாடம் கிடைக்கிறது. ந்டெபெலே மக்களின் பெண்கள் வெளிச் சுவர்களில் கறுப்புக் கோடு கட்டி உள்ளே பளிச்சென்ற நிறம் நிரப்பும் வடிவியல் ஓவியங்கள் பெரும்பாலும் எதையும் நேராகச் சித்திரிப்பதில்லை. 1935 இல் பிறந்த எஸ்தர் மஹ்லாங்கு, தாயிடமும் பாட்டியிடமும் கற்ற இந்தச் சுவர்க் கலையைக் கோழி இறகைத் தூரிகையாக வைத்து வரைந்து, 1991 இல் ஒரு பிஎம்டபிள்யூ காரின் மேலேயே தீட்டி உலகப் புகழ் பெற்றார். ஆனால் கோலத்தையும் இச்சுவர் ஓவியத்தையும் காட்டி, அருவ ஓவியம் என்பது இவ்வளவுதான் என்று முடித்துவிட எனக்கு மனமில்லை. கோலமும் சுவர் ஓவியமும் ஒரு சமூகம் சேர்த்துவைத்த வடிவங்களைத் திரும்பத் திரும்பப் புதுப்பிப்பவை. போடுபவரின் கைத்திறன் அதில் தெரியும், ஆனாலும் விதி பொதுவானது. அருவ ஓவியர் விதியையும் தாமே உண்டாக்கிக்கொண்டு, அது தாங்குமா என்று அந்த ஓவியத்திலேயே சோதித்துப் பார்க்கிறார். தோல்விகள் மிகுதியாக இருப்பதற்கும் அதுவே காரணம்.

மூலையில் மாட்டிய கறுப்புச் சதுரம்

ஐரோப்பிய வரலாற்றை இங்கே நீட்டப் போவதில்லை. ஸ்வீடனில் ஹில்மா அஃப் கிளிண்ட் 1906 இலேயே தொடங்கிவிட்டார். காண்டின்ஸ்கி 1910க்குப் பிந்திய சில ஆண்டுகளில் பொருளைக் கைவிட்டார். ஒரே ஒரு நிகழ்ச்சியை மட்டும் சொல்கிறேன். ஜோகன்னஸ்பர்க் கலைக்கூடம் திறக்கப்பட்ட அதே 1915 ஆம் ஆண்டின் இறுதியில், ரஷ்யாவின் பெத்ரோகிராட் நகரில் கசிமிர் மலேவிச் ஒரு கண்காட்சியில் வெள்ளைப் பரப்பின் மேல் ஒரு கறுப்புச் சதுரத்தை மட்டும் வரைந்து, அதைச் சுவரின் நடுவில் மாட்டாமல், இரண்டு சுவர்கள் சேரும் மூலையில் கூரையை ஒட்டி மாட்டினார். ரஷ்ய வீடுகளில் அந்த மூலை சாமி படம் வைக்கும் இடம். சாமி படம் இருக்க வேண்டிய மாடத்தில் ஒன்றுமில்லாத ஒரு சதுரத்தை வைத்தால் பார்க்க வந்தவர்கள் என்ன பாடுபட்டிருப்பார்கள் என்பதை, வீட்டில் பூஜை மாடம் உள்ள நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஓவியத்தைப் போலவே அதை மாட்டும் இடமும் பேசும் என்பதற்காக இதைச் சொன்னேன்.

சுரங்கத் தொழிலாளியின் மகன்

எர்னஸ்ட் மங்கோபா 1904 இல் ஜோகன்னஸ்பர்க்கின் டர்ஃபன்டைனில் பிறந்தார். தந்தை தங்கச் சுரங்கத் தொழிலாளி. பீட்டர்ஸ்பர்க் அருகில், இன்றைய பொலொக்வானே பகுதியில் உள்ள கிரேஸ் டியூ என்ற ஆங்கிலிக்கன் பயிற்சிப் பள்ளியில் ஆசிரியப் பயிற்சியோடு மரச் சிற்பமும் கற்றார். 1929 இல் அவர் செதுக்கிய ஆப்பிரிக்க மாதா சிற்பத்தில் கன்னி மரியாள் ஒரு கறுப்பினப் பெண்ணாக நிற்கிறாள். அன்றைய தென்னாப்பிரிக்காவில் அது சிறிய துணிச்சல் அன்று. மனித உருவத்தை உள்ளது உள்ளபடி செதுக்கத் தெரிந்த கை அது என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

1936 இல் ஜோகன்னஸ்பர்க்கில் பேரரசுக் கண்காட்சி என்ற பெருவிழா நடந்தது. அதற்கு வருபவர்கள் வாங்கிச் செல்வதற்காக ஆப்பிரிக்கச் சாயல் கொண்ட நினைவுப் பொருள்களைச் செதுக்கிக் கொடுக்கும் வேலையை அரசு அதிகாரிகள் மங்கோபாவுக்குத் தர முன்வந்தார்கள். நிலையான சம்பளம் கிடைத்திருக்கும். அவர் மறுத்தார். 1938 இல் பாரிசுக்குக் கப்பலேறினார்.

அவர் ஏன் அருவத்தின் பக்கம் நகர்ந்தார் என்பதற்கு விடை இந்த மறுப்பில் இருப்பதாகவே நான் நினைக்கிறேன். ஆப்பிரிக்கன் என்றால் மேளம், ஈட்டி, சிங்கம், குடிசை என்று பார்த்த மாத்திரத்தில் அடையாளம் தெரிய வேண்டும் என்று வாங்குபவர் எதிர்பார்த்தார். பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும் படம், பார்ப்பவரிடம் ஏற்கெனவே இருந்த எண்ணத்தையே அவரிடம் திருப்பிக் கொடுக்கிறது. உங்கள் பண்பாட்டைக் காட்டுங்கள் என்று நம்மிடம் யாராவது கேட்டால், ஒரு பரத நாட்டியமும் ஒரு தட்டு சமூசாவும் என்று உடனே பட்டியல் போட்டுக் கொடுத்துப் பழகிவிட்ட நமக்கு இந்த நெருக்கடி புதிதன்று. உருவத்தைக் கரைத்துவிட்டால் அந்த உடனடி அடையாளம் கரைந்துவிடும். பார்ப்பவர் நின்று, மெனக்கெட்டு, புதிதாகப் பார்த்தாக வேண்டும்.

பாரிசில் 1940 இல் அவர் வரைந்த அமைவு என்ற எண்ணெய் வண்ண ஓவியத்தில் முகமூடி போன்ற ஒரு வடிவம் வண்ணத் துண்டுகளாகப் பிரிந்து நிற்கிறது. அதே ஆண்டில் ஜோகன்னஸ்பர்க் கலைக்கூடம் செகோட்டோவின் மஞ்சள் வீடுகளை வாங்கியது என்பதையும், செகோட்டோவும் மங்கோபாவும் பீட்டர்ஸ்பர்க் காலத்து நண்பர்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், ஒரே மண்ணிலிருந்து இருவர் எவ்வளவு வேறான வழிகளில் போனார்கள் என்பது தெரியும். இரண்டில் ஒன்று உயர்ந்தது என்று சொல்ல நான் வரவில்லை.

ஜெர்மானியப் படை பாரிசைப் பிடித்தபோது, பிரிட்டிஷ் குடிமகன் என்பதால் மங்கோபா செயிந்த் தெனி முகாமில் அடைக்கப்பட்டார். 1942 இல் முகாமில் இருந்தபடியே சோன்யாவை மணந்தார். போருக்குப் பின் டென்மார்க்கில் வாழ்ந்தபோது, கோபன்ஹேகன், பிரஸ்ஸல்ஸ், ஆம்ஸ்டர்டாம் நகரங்களின் முதலெழுத்துகளைச் சேர்த்துக் கோப்ரா என்று பெயர் வைத்துக்கொண்ட ஓவியர் குழுவில், 1948 முதல் இருவரும் பங்குகொண்டார்கள். அக்குழுவின் வரலாறு எழுதப்பட்டபோது மங்கோபாவின் பெயர் பெரிதும் விடுபட்டது. முதுமையில் ஒரு நேர்காணலில், அந்தக் கூட்டத்தில் தாம் கண்ணுக்குத் தெரியாத மனிதராகவே இருந்ததாக அவர் குறிப்பிட்டார். 1952 இல் பிரான்சுக்குத் திரும்பிய அவர் 2002 இல் அங்கேயே காலமானார்.

சுரங்கப் பணத்தில் எழுந்த கட்டடத்தின் சுவர்களில் சுரங்கத் தொழிலாளியின் மகன் வரைந்தவை 1994 இல் தொங்கியபோது, அவர் நாட்டை விட்டுப் போய் 56 ஆண்டுகள் கழிந்திருந்தன.

அருவுருவத்தின் முன் நிற்பது

மங்கோபாவின் முதிர்ந்த ஓவியங்கள் பலவற்றில் மீண்டும் மீண்டும் வரும் ஒன்று இருக்கிறது. கித்தானின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு செங்குத்து அமைப்பு. மேலே தலை போன்ற ஒரு திரட்சி; கீழே சாய்சதுரம் போல விரிந்து குவியும் இரண்டு கோடுகள். அதைச் சுற்றி, அதன் மேல், அதன் ஊடாகச் சிறு சிறு தீற்றல்கள், மழைச் சாரல் காற்றில் அலைவதுபோல. ஒரு கணம் அங்கே ஓர் ஆள் நிற்பதாகத் தோன்றும்; அடுத்த கணம் தீற்றல்கள் மட்டுமே இருக்கும். முழு உருவமும் அன்று, முழு அருவமும் அன்று. அருவுருவம் என்ற சொல் எனக்கு நினைவுக்கு வந்தது இந்த இடத்தில்தான்.

இந்த அமைப்புக்கு மூலம், காபோன் நாட்டைச் சேர்ந்த கோட்டா மக்களின் காவல் உருவங்கள் என்று ஆய்வாளர்கள் சுட்டுகிறார்கள். மூதாதையரின் எலும்புகளை வைத்த கூடையின் மேல், மரத்தில் செதுக்கிச் செம்பும் பித்தளையும் வேய்ந்த ஓர் உருவத்தை நிறுத்திவைப்பது அவர்கள் வழக்கம். தட்டையான முகமும் அதன் கீழே சாய்சதுர உடலும் கொண்ட அது எந்தக் குறிப்பிட்ட மனிதரின் சாயலிலும் செய்யப்படுவதில்லை. நம் ஊர்களின் எழுத்தற்ற, உருவம் பொறிக்காத பழைய நடுகற்களை நினைத்துக்கொள்ளலாம். அந்தக் கல்லில் முகம் இல்லை. ஆனால் அங்கே ஒருவர் இருக்கிறார் என்பதில் ஊருக்கு ஐயம் இல்லை.

இதைத் தெரிந்துகொண்டால்தான் ஓவியம் புரியுமா என்றால், இல்லை. தெரிந்துகொண்டவுடன், ஆகா, இது கோட்டா உருவம் என்று கண்டுபிடித்த மகிழ்ச்சியில் பார்ப்பதை நிறுத்திவிடும் ஆபத்தும் உண்டு. புதிர் விடுவிக்கப்பட்டது, அடுத்த அறைக்குப் போகலாம் என்பது அருவ ஓவியத்துக்குப் பொருந்தாத பார்வை.

பின் எப்படிப் பார்ப்பது? மாமா செய்ததையே சொல்கிறேன், காவலரின் கோபத்தைத் தவிர்க்கும் மாற்றங்களோடு. முதலில் அறையின் எதிர்ச் சுவர்வரை பின்னால் போய், கண்ணைச் சற்றே சுருக்கிக்கொண்டு பார்க்க வேண்டும். விவரங்கள் மங்கி, எந்தப் பகுதி கனக்கிறது, எந்தப் பகுதி மிதக்கிறது என்பது அப்போது தெரியும். பிறகு அனுமதிக்கப்பட்ட அளவுக்கு அருகில் வந்து தீற்றல்களின் ஓரங்களைப் பார்க்க வேண்டும். மங்கோபா பல இடங்களில் கித்தானின் வெறும் பரப்பை விட்டுவைத்திருக்கிறார். அந்த வெறுமை விடுபட்டுப்போனதா, விடப்பட்டதா என்பதை ஓரத்தைப் பார்த்தால் சொல்லிவிடலாம். பலகை எழுதுபவருக்கு விளிம்பு சுத்தமாக இருப்பதே உயிர். அந்த ஓவியங்களில் விளிம்பு கலைந்திருந்தது. கை தவறியதால் கலைந்த விளிம்பு எப்படி இருக்கும் என்று தமக்குத் தெரியும் என்றும், இது அப்படி இல்லை என்றும், ஒவ்வொரு இழுப்பும் எங்கே நிற்க வேண்டுமோ அங்கே நிற்கிறது என்றும் அன்று வீடு திரும்பும்போது மாமா சொன்னார். அவர் கலைக் கல்லூரியில் படித்தவர் அல்லர்.

கடைசியாக நேரம். ஆலாபனையின் முதல் பத்து வினாடியைக் கேட்டுவிட்டு எழுந்து போகிறவரை யாரும் ரசிகர் என்று சொல்வதில்லை. ஓர் ஓவியத்தின் முன் ஐந்து நிமிடம் நிற்பது முதலில் கூச்சமாக இருக்கும். நாற்காலி இருந்தால் உட்கார்ந்துகொள்ளலாம்.

குழந்தைகூட வரையுமே

இந்தக் கேள்வியைக் கேட்காமல் யாரும் அருவ ஓவியக் கூடத்தை விட்டு வெளியே வந்ததில்லை. ஓவியருக்கு உருவம் வரையத் தெரியும், பாருங்கள், மாதா சிலையைச் செதுக்கியவர் அல்லவா என்பது வழக்கமான விடை. தமிழர்களுக்குத் தமிழ்நாட்டு ஓவியர் ஆதிமூலத்தைச் சொல்லலாம்: 1969 இல், காந்தி நூற்றாண்டின்போது, கோட்டோவியங்களாகக் காந்தியின் உருவத்தை நூறளவில் வரைந்த கை, பின்னாளில் மண்ணும் வெளியும் நிறமுமாக மட்டுமே விரியும் அருவ ஓவியங்களைத் தீட்டியது. ஆனால் இந்த விடை எனக்கு முழு நிறைவு தருவதில்லை. வேறு வேலையில் திறமை காட்டினார் என்பதால் இந்த வேலையும் நன்றாகத்தான் இருக்கும் என்று சொல்வது, நன்றாகச் சமைப்பவர் பாடினால் நன்றாகத்தான் இருக்கும் என்பதைப் போன்றது.

குழந்தையின் கிறுக்கலில் உயிர் உண்டு, அதை மறுப்பதற்கில்லை. கோப்ராக் குழுவினரே குழந்தைகளின் ஓவியங்களைப் போற்றியவர்கள்தாம். குழந்தைக்கு எங்கே நிறுத்துவது என்ற கவலை இல்லை. தாள் நிறைந்தால், அல்லது அம்மா சாப்பிடக் கூப்பிட்டால் நின்றுவிடும். ஓவியர் ஒரு தீற்றலைக் கூடுதலாகப் போட்டால் உருவம் வெளிப்பட்டுவிடும், ஒன்றைக் குறைத்தால் கரைந்துவிடும் என்ற விளிம்பில் நின்றுகொண்டு, அதே விளிம்பை ஐம்பது ஆண்டுகள் வெவ்வேறு ஓவியங்களில் தேடிப் பார்க்கிறார். ஒரே ஒரு ஓவியத்தை மட்டும் பார்த்து இதை உணர்வது கடினம். பலவற்றை ஒரே கூடத்தில் பார்க்கும்போதுதான் அது புலப்படும்; தனியாள் கண்காட்சிகளின் பயனும் அதுவே.

எல்லா அருவ ஓவியங்களும் நல்லவை என்று சொல்லிவிட்டால் அது பொய். வங்கிக் கட்டடங்களின் வரவேற்பறைகளில், சோபாவின் நிறத்துக்குப் பொருத்தமாகத் தேர்ந்தெடுத்து மாட்டிய பெரிய பெரிய கித்தான்கள் எத்தனையோ உண்டு. அவற்றின் முன் ஐந்து நிமிடம் நின்றால் ஐந்து நிமிடம் வீணாவதுதான் மிச்சம்.

கட்டடமும் ஓவியமும்

இத்தகைய ஓவியங்களை வெள்ளைச் சுவர் கொண்ட புதிய கட்டடத்தில் வைப்பதுதான் முறை என்று சிலர் கருதுகிறார்கள். லட்யன்ஸின் கட்டடம் இடமும் வலமும் ஒன்றுக்கொன்று சமமாக, எல்லாம் அளந்து வைத்ததுபோல, ஆள்பவர்களின் தன்னம்பிக்கையோடு நிற்பது. அதற்குள் மங்கோபாவின் நடுங்கும் தீற்றல்களைப் பார்க்கும்போது இரண்டும் ஒன்றையொன்று கூர்மையாக்கின என்பது என் நினைவு. அந்த ஓவியங்களிலும் நடுவே ஒரு செங்குத்து இருக்கிறது, இடமும் வலமும் ஏறத்தாழச் சமன்படுகின்றன. தூண்களைக் கடந்து வந்த கண் அந்தச் செங்குத்தைத் தூணாகவே முதலில் எடுத்துக்கொள்கிறது. பிறகுதான் அந்தத் தூண் மூச்சுவிடுவதுபோல அசைவது தெரிகிறது. வெள்ளைச் சுவரில் பார்த்திருந்தால் எனக்கு இது தோன்றியிருக்காது. மலேவிச் மூலையைத் தேர்ந்ததுபோல் இங்கே யாரும் திட்டமிட்டு இதைச் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை.

மங்கோபாவின் பிற்காலத்து மை ஓவியங்களில் இந்தச் செங்குத்து உருவமும் மெல்ல விலகி, தாள் முழுவதும் எழுத்துபோன்ற கோடுகள் வரிசை வரிசையாக நிற்கும். எந்த மொழியின் எழுத்தும் அன்று. அவற்றின் அச்சுப் படம் ஒன்றை லெனேஷியாவில் இருக்கும் என் அக்கா மகளிடம் அண்மையில் காட்டினேன். இங்கு வளர்ந்த பிள்ளைகள் பலரைப் போலவே அவளுக்கும் தமிழ் எழுத்து வாசிக்கத் தெரியாது. வீட்டில் காதால் கேட்ட சில சொற்களோடு சரி. சற்று நேரம் பார்த்துவிட்டு, கோயில் வாசலில் மேலே எழுதியிருப்பதுபோல இருக்கிறது மாமா என்றாள். நான் புரியாமல் விழித்தேன். அந்தப் பலகையில் அவளுக்குத் தெரிவது சுழியும் கொம்பும் காலும் புள்ளியும்தான் என்பதும், சிறு வயதிலிருந்து அவள் அவற்றை வாசிக்காமல் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறாள் என்பதும் பிறகே உறைத்தது. எந்தச் சுழி மற்றதைவிட வயிறு பெருத்தது, எங்கே இரண்டு எழுத்துகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன என்றெல்லாம் அவள் சொன்னாள். அடுத்த முறை கோயிலுக்குப் போனபோது நானும் அண்ணாந்து பார்த்தேன். சுழிகளைக் காண முடியவில்லை. சிவ சுப்பிரமணியர் என்று கண் வாசித்து முடித்துவிட்டிருந்தது.